மிலிட்டரி ஐட்டம்

டவுன்ஹால் ரோட்டிலிருந்து திருமங்கலத்துக்கு
வெயிலில் வண்டியோட்டி வந்திருந்தார் கோவர்த்தனன்.
மோர் வேண்டாம் என்றார். மேஜையைத் துடைக்கச் சொன்னார்.
சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸ்,
வெள்ளைத் துணி.

அப்பாவின் ஐந்து பதக்கங்களையும்
பல் டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாய்த் திருப்பினார்.
"புளி போட்டீங்களாம்மா?"
போட்டோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு,
குத்துவிளக்குக்குப் பிறகு, அரிவாள்மணைக்கு முன்னால்.
"போச்சு. அழுக்குலதான் காசு இருந்துச்சு."

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டைக்குக் கொடுத்ததை
ஓரமாய் ஒதுக்கினார். அது கிலோக் கணக்கில் வருகிறதாம்.
மெஸ் டின்னில் கல்லுப்பு இருந்தது,
கொட்டிவிட்டுக் கொடுத்தேன். நூற்றிருபது.
ஸ்ரீலங்கா என்று பட்டி போட்டதை மட்டும்
விளிம்பைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்:
நம்பர், ஹவில்தார், வாலகுருநாதன்.
"பேரு இருந்தாத்தாங்க விலை.
பேரில்லாதது வெறும் தகரம்."

பிறகு குரலைத் தாழ்த்தி,
"அங்கேயிருந்து கொண்டாந்தது ஏதும்?
தொப்பி, பெல்ட்டு, காலித் தோட்டா, கொடித்துணி...
அதுக்கு ஆள் இருக்கு. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்."

உள்ளே போனேன்.
டிரங்குப் பெட்டியின் அடியில்
பழைய ரேஷன் கார்டுகளுக்குக் கீழே கிடந்தது.

எண்பத்தெட்டு சித்திரைத் திருவிழாவுக்கு அப்பா லீவில் வந்தார்.
கூட வந்தவர்கள் டேப் ரெக்கார்டர் இறக்கினார்கள், சேலை இறக்கினார்கள்.
அப்பா எனக்கொரு ஜாமெட்ரி பாக்ஸ்.
கேன்டீனில் வாங்கினேன் என்றார்.
ஃபாரின் பாக்ஸ் என்று வகுப்பே கைமாற்றிப் பார்த்தது.
காம்பஸின் ஒரு கால் ஆடும்;
எந்த வட்டமும் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது,
கணக்கு டீச்சர் அரை மார்க் குறைப்பார்.

மூடியின் உட்புறம் ஊசியால் கீறியிருந்தது:
சிவமலர், ஆண்டு 8.
நம் எழுத்துதான்.
ஆனால் ஆண்டு என்று நாங்கள் எழுதுவதில்லை, வகுப்பு என்போம்.
சுரண்டி அழிக்க உட்கார்ந்தேன்.
ஒருநாளும் என்னை அடிக்காத அப்பா
கையிலிருந்து காம்பஸைப் பிடுங்கினார்.
வாசலில் போய் நின்று இரண்டு பீடி குடித்தார்.
திரும்பி வந்து அதையே நீட்டி,
"கீழ இடமிருக்குல்ல. கீழ எழுது" என்றார்.
அதற்கப்புறம் முப்பத்து மூன்று வருஷம்
அதைப் பற்றிப் பேச்சில்லை,
கோட்டா ரம் திறந்த இரவுகளிலும்.

கோவர்த்தனன் பாக்ஸைத் திறந்தார், லென்ஸ் வைத்தார், மூடினார்.
"இது மிலிட்டரி ஐட்டம் இல்லைங்களே."
என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

ஆறாயிரத்து நானூறு. எச்சில் தொட்டு எண்ணி வைத்தபின்
ஒரு தாளை நீட்டினார்:
விற்பதில் ஆட்சேபணை இல்லை, வாரிசுதாரர்கள் கையொப்பம்.
"பின்னாடி சண்டை வந்துரக் கூடாது பாருங்க.
அந்த டப்பாவுல பேரு பார்த்தேன்.
மேல இருக்கிறது அக்காங்களா?"

வாய் திறக்குமுன் தலை ஆடிவிட்டது.

"எங்க கட்டிக் குடுத்திருக்கு?"
தெரியாது என்றேன்.
"போன் கீன்?"
இல்லை.
ஓடிப்போனவள் என்று நினைத்துக்கொண்டார் போல.
"விடுங்க, எந்த வீட்டுல இல்ல" என்று
முன்பு வேண்டாமென்ற மோரைக்
கேட்டு வாங்கிக் குடித்தார்.

தாளில் மேலே ஒரு வரி விட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.